படலையடியில் ஆமிக்காரன்

கெல்சென்கிர்ச்சன், ஜேர்மனி,
சனிக்கிழமை.

அன்பும் மதிப்பும் நிறைந்த ரஞ்சினி அக்காவுக்கு,

தம்பி சிறீதரன் எழுதிக்கொள்வது. நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூரான் துணையிருக்கட்டும். நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் இந்த நிமிடம் எங்கள் வீட்டுக்குள் ஒரு ஆமிக்காரன் இருக்கிறான். நான் நிலக்கீழ் அறையில் வோஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒளித்திருந்து எழுதுகிறேன். போனில் பேசினால் மேலே கேட்டுவிடும்.

போன கிழமை தர்மிகா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், "அப்பா, ஜேர்மன் ஆமியிலை இருக்கிற ஒருத்தர் சனிக்கிழமை வாறார். மேல் அறையிலை ரெண்டு நாள் நிப்பார். அவர் வந்தாப் பிறகு உங்களோடை ஒண்டு கதைக்கோணும்" என்றாள். இருபத்துமூன்று வயதுப் பெண் பிள்ளை, ஒரே மகள், வேறென்ன கதைக்கப் போகிறாள்? மாப்பிள்ளைதான், அக்கா. வெள்ளைக்காரனைக் கட்டட்டும், வேலை வெட்டி இல்லாதவனைக் கட்டட்டும், வாய் திறக்க மாட்டேன். ஆமிக்காரன் மட்டும் வேண்டாம். ஊரில், தெல்லிப்பழையில், உங்களிடம் ஒரு அறை கேட்டு வந்த ஆமிக்காரர் கடைசியில் உங்களையே வெளியே அனுப்பியதும், வீடு திரும்பக் கிடைத்தபோது கதவு நிலைகூட மிஞ்சாததும் நான் உங்களுக்குச் சொல்லவேண்டிய கதையா?

சட்டம் படிக்கும் சுலக்ஷனுக்கு உடனே போன் எடுத்தேன். எங்கள் கோயில் தலைவரின் மகன், கெட்டிக்காரன். வீட்டுக்காரர் சம்மதமில்லாமல் சமாதான காலத்தில் ஆமியை ஒருவர் வீட்டில் தங்கவைக்கக் கூடாது என்று அமெரிக்காவில் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறதாம். "இஞ்சை இல்லையோ தம்பி?" என்றேன். "இஞ்சை பதின்மூண்டாம் பிரிவு இருக்கு அங்கிள். வீடு புனிதம், ஒருத்தரும் அத்துமீற ஏலாது" என்றான். அப்பாடா என்றிருந்தது. "அப்ப மகள் ஒரு ஆமியைக் கூட்டிக்கொண்டு வந்தால்?" "அங்கிள், அது அரசாங்கத்தைத்தான் மறிக்கும். தர்மிகாவை மறிக்காது" என்றான். இதற்கா இவனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்?

சட்டம் கைவிட்டதும் உங்கள் வழியைப் பிடித்தேன். ஆமி வந்தால் முற்றத்திலேயே கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, வாசலோடு அனுப்பிவிட வேண்டும், உள்ளே ஒரு கால் வைத்தால் பிறகு எழும்பமாட்டான் என்று நீங்கள்தானே சொல்வீர்கள்? இன்றைக்கு மத்தியானம் வெளிவாசல் படலையடியில் பிளாஸ்டிக் கதிரையைப் போட்டேன். கார்த்திகை மாதக் குளிர், தூறல் வேறு. வந்தான். சீருடையில் வந்தால் ரயில் இலவசமாம், அதனால் தொப்பி, பூட்ஸ் எல்லாவற்றோடும் வந்தான். தேத்தண்ணிக் கோப்பையோடு படலைக்குப் போனேன். "இருங்கோ" என்று கதிரையைக் காட்டினேன். அவன் ஒரு முழி முழித்தான். பிறகு குனிந்து, அந்தப் பெரிய பூட்ஸ் இரண்டையும் கழற்றிப் படலையோரம் வடிவாக அடுக்கிவைத்துவிட்டு, ஈரச் சீமெந்தில் வெறும் காலுறையோடு வந்து இருந்தான். தமிழர் வீட்டில் சப்பாத்தோடு நடக்கக் கூடாது என்று தர்மிகா சொல்லியிருக்கிறாள். வீடு படலையிலேயே தொடங்குகிறது என்று நினைத்துவிட்டான். வாசலில் பூட்ஸ் கழற்றின ஆமியை நீங்கள் கண்டிருக்கிறீர்களா, அக்கா? நான் காணவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இன்னொரு தேத்தண்ணி ஊற்றினேன்.

அவன் குடிக்கிறான், சிரிக்கிறான், குளிரில் பல்லுக் கிட்டுகிறது. பக்கத்து வீட்டு கொவால்ஸ்கி அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனுக்குக் குடை நீட்டினா. அந்த நேரம்தான் என் மனுசி யோகம் கடையால் வந்தாள். "உங்களுக்கு விசரே? பிள்ளை நனையுது!" என்று கத்தினாள். பிள்ளையாம்! கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய், என்னுடைய கம்பளிக் காலுறையை எடுத்துக் கொடுத்தாள். இப்போது என் தலைக்கு மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்கிறது. மரப்படி கிறீச்சிடுகிறது. தர்மிகாவின் சத்தத்தை மட்டும் காணோம். அதுதான் எனக்குப் பயம்.

அக்கா, உள்ளே வந்துவிட்ட ஆமியை வெளியே எடுக்கிறது எப்படி? அனுபவப்பட்ட ஆள் நீங்கள், தாமதியாமல் மறுமொழி போடுங்கோ. அத்தானுக்கு என் அன்பு, பேரப்பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நித்திரை துலைத்த தம்பி
சிறீதரன்

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் விட்டுவிடுங்கோ. உறையை ஒட்டப் போகையில் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அந்த ஆமிக்காரன், யோனாஸ், மாப்பிள்ளை இல்லை. அவனுக்குக் கசல் நகரில் மனைவியும் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். எங்களுக்குத் தனியச் சொல்லப் பயந்து தர்மிகா துணைக்குக் கூப்பிட்ட ஆள். ஆமியில் சேர்ந்தது எங்கள் பிள்ளை. மருத்துவப் பிரிவாம், தை மாதம் போகிறாள். யோகம் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடியே அழுகிறாள். எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான்: "எங்கையம்மா படுப்பாய்?"

"முகாமிலை, அப்பா. லீவு தந்தால் வருவன்."

சுலக்ஷனுக்குத் திரும்பப் போன் எடுத்தேன். ஆமிக்காரரை அவர்களுடைய வீட்டிலேயே தங்கவைக்க வேண்டும் என்று எங்காவது சட்டம் இருக்கிறதா என்று கேட்டேன். இங்கே இல்லையாம். அமெரிக்காவிலும் இல்லையாம்.