தொட்டிலை மட்டும் பார்க்க வருகிறவர்கள்

முதலமடைத் தோப்புகளில் மாமரம் ஒரு வருஷம் காய்க்காமல் போகலாம். பிள்ளை பிறந்த வீட்டில் ‘தொட்டில் பார்ப்பவர்’ என்ற இனம் வந்து நிற்காமல் போகாது. சுவருக்குச் சுவர் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணம் வரைந்து சர்க்கார் குறைக்கப் பார்ப்பது பிள்ளைகளைத்தான். இவர்களை யார் குறைப்பது?

கையில் ரொட்டிப் பொட்டலம், வாயில் “என்ன கொழந்தைங்க?” என்ற கேள்வி. பதில் வருமுன்பே மூக்கை அப்பனுக்கும் நெற்றியை மாமனுக்கும் பங்கு பிரித்து, நாளைக்கு வரப்போகும் நிறத்தை இன்றைக்கே அறியக் காதுமடலைத் திருப்பிப் பார்த்து, கண்பட்டுவிடக் கூடாதென்று “கறுப்பா, கச்சலாத்தான் இருக்குது” என்று வாயார வைதுவிட்டு, சம்மணம் போட்டுத் தம் பிரசவக் கதையைத் தொடங்குவார். பெற்றவள்? அவள் தொட்டில் தொங்கும் உத்தரம் மாதிரி. யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

செல்லாத்தாளக்கா இந்த இனத்தின் திலகம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த மயிலாத்தாள், பிள்ளை பிறந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடாமல் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். தொட்டில் பார்க்க வந்த அக்காவிடம் மெதுவாக வாயைத் திறந்தாள்.

“அக்கா, காரணமே இல்லாம அழுகை அழுகையா வருதுங்க.”

“அழுதீன்னா பால் வத்திப்போயிரும் கண்ணு! பூண்டு தின்னு. என்ற மூத்தவன் பொறக்கறப்ப பாரு...”

காரணமில்லாமல் அழுதவளுக்கு ஒரு காரணம் கிடைத்தது.

அந்த நேரம் பூவாத்தாள் வந்தாள். கல்யாணத்துக்கு முன் மயிலாத்தாளோடு மாங்காய்க் கொட்டகையில் தரம் பிரித்தவள். வெறுங்கை. தொட்டிலைத் தாண்டி நேரே கட்டிலில் போய் உட்கார்ந்தாள்.

“ஏம்புள்ள, நீ எப்படி இருக்கறே?”

மயிலாத்தாள் உடைந்து அழுதாள். பூவாத்தாள் ‘அழாதே’ என்று சொல்லவில்லை. முந்தானையை நீட்டினாள். அழுது ஓய்ந்த பிறகு, “நீ வளத்தினியே வெள்ளாடு, நேத்து நம்ம கொட்டகை லாரிக்காரரு காயப்போட்ட வேட்டியத் தின்னு போட்டுது. மனுசன் சாக்கைக் கட்டீட்டு லாரி ஓட்டறாரு!” என்றாள்.

மயிலாத்தாளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே பசியும் வந்தது. பூவாத்தாள் தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள்.

செல்லாத்தாளக்காவுக்குத் தாங்கவில்லை. “வந்தவ கொழந்தை மொகத்தைக்கூடப் பாக்கலை. இதென்ன சிநேகிதமோ!” என்று முனகிக்கொண்டே செருப்பைத் தேடினார்.

அக்காவைப் பார்த்து நீங்களும் சிரித்தாயிற்று. நல்லது. ஆனால் இவ்வளவு படித்த பிறகும், ‘பிறந்தது ஆணா பெண்ணா, இந்த ஆள் சொல்லவே இல்லையே’ என்று உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு இருக்கிறதல்லவா?

அந்த ரொட்டிப் பொட்டலத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். மயிலாத்தாள் உங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.