அட்ஜஸ்ட் சாரின் ஞாயிறு தூக்கம்

தன் வீட்டுக் கதவை ஊருக்கே திறந்துவிட்டு, அடுத்தவர் படுக்கையைச் சுருட்டிக் கொடுக்கும் ஓர் இனம் உண்டு. பார்த்ததில்லையா? அப்படியானால் மூன்று பேர் இருக்கையில் நான்காவதாக வந்து அமர்ந்து, உங்கள் விலா எலும்பை நலம் விசாரித்தவர் யாராம்?

நம் ஆசாமிக்கு அலுவலகத்தில் 'அட்ஜஸ்ட் சார்' என்று பெயர். அவர் வாயில் அந்தச் சொல் படும் பாடு கொஞ்சமல்ல. பேருந்தில் சொன்னால், மூச்சை உள்ளே இழுத்துக்கொள் என்று அர்த்தம். குமாஸ்தாவிடம் சொன்னால், ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிடு. ஒரே குடைக்குள் சொன்னால், நீ நனை. மனைவியிடம் சொன்னாலோ, ஆறு பேர் சாப்பிட வருகிறார்கள், இதோ வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள்.

மகளிடம் சொன்னால்? அறையைக் காலி செய்.

அவளுக்கு மறுநாள் இறுதிப் பரீட்சை. பெட்டிகளோடு அத்தை குடும்பம் வந்து இறங்கியதும் அவள் மேசை அறையிலிருந்து கூடத்துக்கும், அத்தை பிள்ளைகள் கூடத்தில் பந்தாடத் தொடங்கியதும் சமையலறைக்கும், அங்கே குக்கர் கத்தியதும் பால்கனிக்கும் ஊர்ந்துபோய், வாஷிங் மெஷின் பக்கத்தில் நின்றது. மெஷின் சுற்றினால் மேசை ஆடியது. மேசை ஆடினால் படித்ததெல்லாம் உதிர்ந்தது.

"அப்பா, இங்க உக்காந்தா ஒண்ணும் மண்டையில ஏற மாட்டேங்குதுப்பா."

"அத்தை என்ன தினமுமா வரா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குளித்ததும் ஞாயிறு தூக்கம். யார் வந்தாலும் நகராத, ஜன்னலோரக் கட்டிலில்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு மேசையின் மறுமுனையைப் பிடித்தாள்.

துண்டோடு வந்தவர் திகைத்தார். கட்டில் சுவரில் சாய்ந்து நின்றது. அந்த இடத்தில் மேசை. மேசைமேல் கவிழ்ந்த மகளின் தலை.

"அப்ப நான் எங்கடி படுக்கிறது?"

"பால்கனியில பாய் போட்டிருக்கேங்க. உங்க அக்கா வீட்டுத் துணிதான் மெஷின்ல ஓடுது. கொஞ்சம்..."

மனைவி முடிக்கவில்லை. மகளின் தோள் சிரிப்பில் குலுங்கியது.

படுத்தார். மெஷின் உதற, பாய் உதற, அவரும் உதறி, அங்குலம் அங்குலமாகக் கம்பிவரை பயணம் போனார். திடீரென்று எழுந்தார், மெஷினை நிறுத்தினார், கூடத்துக்குப் பாய்ந்தார்.

"டேய், பந்தைக் கீழ வைங்கடா! அக்கா படிக்கிறா இல்ல?"

வீடே அடங்கியது. உள்ளே புத்தகப் பக்கம் புரளும் சத்தம். பால்கனியில் குறட்டை. மகளுக்காகத்தான் சொன்னார், நம்புங்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். இதைப் படிக்க வசதியாக ஒரு நாற்காலியில் சாய்ந்திருக்கிறீர்களே, அதிலிருந்து எழுந்துபோனவர் இப்போது எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் ஒருமுறை எட்டிப் பாருங்கள்.