காற்றைக் கழுவப் போன இரும்புத் தூசு

புதிதாகப் பட்டம் வாங்கியவர்களிடம் ஒரு வருடத்துக்கு யாரும் எந்தக் கேள்வியும் கேட்கக் கூடாது. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள். நான் சொன்ன ஒரு பதிலால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

அப்போது நான் ஜொகூர் பாருவில் ஆய்வு மாணவி. காற்றில் மிதக்கும் உலோகத் துகள்கள்தான் என் பாடம். (கேட்காதவர்களுக்கும் சொல்வேன். டாக்சிக்காரர்கள் ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள்.) பிரகாஷ் என்னை முதல்முறையாகத் தன் பெற்றோரிடம் காட்ட சிகாமட்டுக்கு அழைத்துப் போனது ஒரு சனிக்கிழமை. அவன் அப்பா வீட்டை ஒட்டியே கேட், கிரில் செய்யும் பட்டறை வைத்திருந்தார்.

போன நேரம் சரியில்லை. பட்டறைத் தூசு தன் துணியில் விழுந்து துருக்கறை ஆகிறது என்று பக்கத்து வீட்டு ரோஸி ஆன்ட்டி நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்திருந்தார். அன்று காலை அதிகாரி வருவதாக இருந்தது. பட்டறையை மூடச் சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, பிரகாஷின் அப்பா வேலியோரம் பெரிய தார்ப்பாயைக் கட்டி வைத்திருந்தார்.

"நீ காத்தப் பத்தித்தான் படிக்கிறியாம்மா? இந்த இரும்புத் தூசு அவ்வளவு மோசமா?" என்று கவலையோடு கேட்டார்.

வருங்கால மாமனார் முகம் வாடலாமா? "அப்படியே சொல்லிட முடியாது அங்கிள். காத்துல இருக்கிற இரும்பு ஒரு நல்ல வேலையும் செய்யுது," என்று ஆரம்பித்தேன். நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது சல்பர் டை ஆக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. மேகத்திலும் பனிமூட்டத்திலும் உள்ள நீர்த்துளிகளில் அது கரைகிறது. அந்தத் துளியில் கொஞ்சம் இரும்போ மாங்கனீசோ கரைந்திருந்தால், ஆக்சிஜன் அந்த வாயுவோடு வேகமாகச் சேர்ந்து அதைக் காற்றிலிருந்து அகற்றிவிடுகிறது. அகற்றிய பிறகு அது என்ன ஆகிறது என்பது மீதிப் பாடம். அந்த நேரம் பார்த்து பிரகாஷின் அம்மா கேசரி கொண்டுவந்து வைத்தார். நான் பாடத்தை விட்டுவிட்டுக் கேசரிக்கு வாயைத் திறந்தேன்.

"அப்ப நம்ம தூசு காத்தக் கழுவுது! டேய் பிரகாஷ், கேட்டியாடா?" என்று அங்கிள் துள்ளி எழுந்தார்.

நான் கேசரியை முடிப்பதற்குள் தார்ப்பாய் இறங்கிவிட்டது. கிரைண்டர் ஓடியது. போதாக்குறைக்குப் பட்டறையின் பெரிய விசிறியை வேலிப் பக்கம் திருப்பி வைத்தார். அதிகாரி வந்து இறங்கியதும் அப்போதுதான். வேலிக்கு அந்தப் பக்கம், தார்ப்பாயை நம்பி ரோஸி ஆன்ட்டி காயப்போட்டிருந்த தேவாலயப் பீட விரிப்புகள் ஈரத்தோடு வெள்ளை வெளேரென்று தொங்கிக்கொண்டிருந்தன.

"அலமாக்! நாளைக்குப் பூசைக்கு விரிக்கிற துணி! ஃபாதருக்கு நான் என்ன பதில் சொல்றது?" ரோஸி ஆன்ட்டியின் குரல் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும்.

அங்கிள் அசரவில்லை. என்னை அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். இது என் வருங்கால மருமகள், காற்று நிபுணர், என் தூசு காற்றைச் சுத்தம் செய்கிறது என்று இவளே சொல்லிவிட்டாள் என மலாயில் முழங்கினார்.

அதிகாரி தன் தோளில் விழுந்த தூசைத் தட்டிக்கொண்டே, "பெத்துல் கா, சிக்?" என்றார். (உண்மைதானா மிஸ், என்று கேட்கிறார்.)

ஆமாம் என்றால் படித்த படிப்புக்குத் துரோகம். இல்லை என்றால் அங்கிள் மானம் போகும், கூடவே பிரகாஷும் போய்விடுவான். அவனைத் தேடினேன். விசிறியை நிறுத்துகிற சாக்கில் ஆள் மறைந்துவிட்டான்.

அப்போது பிரகாஷின் அம்மா கேட்டார்: "கூட்டுனா குப்பை மொறத்துல இருக்கும். அந்த வாயு எங்கம்மா போச்சு?"

"எங்கயும் போகல ஆன்ட்டி," என்றேன். "சல்பேட்டா மாறி நுண்ணிய தூசா காத்துலயே மிதக்கும். இல்லன்னா அமில மழையா கீழ வரும். அதுவும் துளியில கரைஞ்ச இரும்பு செய்யிற வேலை. அங்கிளோட கிரைண்டர் தூசு அவ்வளவு உயரம் போகாது. ரோஸி ஆன்ட்டி துணி வரைக்கும்தான் போகும்."

இதையே மலாயிலும் சொன்னேன். அதிகாரி சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். இனி அறைக்குள் வைத்துத்தான் இரும்பைத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் உரிமம் போய்விடும் என்று எச்சரித்துவிட்டுக் கிளம்பினார். அங்கிள் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குள் போய்விட்டார். என் கல்யாணமும் அவரோடு உள்ளே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பிரகாஷின் அம்மா ஒரு கூடை எலுமிச்சையும் உப்பும் எடுத்துக்கொண்டு என்னை ரோஸி ஆன்ட்டி வீட்டுக் குழாயடிக்கு அழைத்துப் போனார். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பீட விரிப்பைத் தேய்த்தேன். இனி இந்த வீட்டு வாசலை மிதிக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டே இன்னொரு எலுமிச்சையைப் பிழிந்தேன். பிரகாஷ் பூனை மாதிரி வந்து நின்றான்.

"உங்கப்பா பேச ஆரம்பிச்சா நிறுத்துறதுக்கு இந்த வீட்டுல ஆளே இல்லாம இருந்துச்சு. இவ நிறுத்திட்டா. இவளையே கட்டு லா," என்றார் அவன் அம்மா, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எலுமிச்சை கண்ணில் பட்டுவிட்டது என்று சமாளித்தேன்.

அன்று முதல் எங்கள் வீட்டில் எதுவும் காணாமல் போவதில்லை. கார் சாவியோ ஒற்றைச் செருப்போ, எல்லாம் சல்பேட் ஆகிவிடுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு அங்கிள் மாமாவாகவும் பிரகாஷின் அம்மா அத்தையாகவும் ஆகிவிட்டார்கள். போன தீபாவளிக்கு, மாமாவுக்கு இனிப்பு கூடாது என்று அத்தை ஒளித்து வைத்த அதிரச டின் காலியாகக் கிடந்தது. யார் தின்றது என்று அத்தை கத்தினார்.

"யாரும் திங்கல. சல்பேட் ஆயிருச்சு," என்றார் மாமா, மீசையைத் துடைத்துக்கொண்டே.

அத்தை என் பக்கம் திரும்பினார். "பெத்துல் கா, சிக்?"

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளே அதிரசம் இருந்தது.