காணாமற்போன கைத்தாளம்

ஊவா மாகாணத்தில் பாட்டைக் கெடுத்தவர்கள் பலர் உண்டு. எல்லாரும் பாடித்தான் கெடுத்தார்கள். கேட்டே கெடுத்தவர் எங்கள் மெத்தை ஐயா ஒருவர்தான்.

பதுளைக்கு மேலே, ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் டீமேக்கர். கொழுந்து வந்து இறங்குவதிலிருந்து தூளாகிப் பெட்டியில் ஏறும்வரை எல்லாம் அவர் பொறுப்பு. நான் அங்கே சின்னக் கிளாக்கர். அவர் யாழ்ப்பாணத்து மனிதர். பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ, லயக் குடியிருப்புச் சனங்கள் வைத்த பெயர் மெத்தை ஐயா. அவர் வீட்டு ரேடியோகிராம் பெட்டியில் இசைத்தட்டு வெறுமனே படுக்காது. அடியில் மெத்தை வேண்டும். கம்பளி மெத்தை, ரப்பர் மெத்தை, தக்கை மெத்தை, அதுவும் போதாமல் தக்கைக்கு மேல் கம்பளி. அவர் படுத்தது பாயில்.

விழுந்தாலும் உடையாத புது ரக இசைத்தட்டுகள் கொழும்பிலிருந்து வர ஆரம்பித்த காலம் அது. ஐயா ஒரு பஜனைத் தட்டு வாங்கினார். அதில் பாடகருக்குப் பின்னால் மெல்லியதாக ஒரு கைத்தாளம் ஒலிக்கும். வாங்கிய புதிதில் துல்லியமாகக் கேட்டதாம், வரவர மங்கியதாம், பிறகு அடியோடு மறைந்ததாம். மெத்தையில் குறை, ஊசியில் குறை, தூசியில் குறை என்று அதைத் தேடப் புறப்பட்டவர், எங்கள் உயிரை எடுத்துவிட்டார்.

டீமேக்கர்கள் தேநீரைக் குடிப்பதில்லை. வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒரு வாய் உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார்கள். ஐயா பாட்டையும் அப்படித்தான் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பிடித்து உட்கார வைப்பார். மேசையில் மெத்தைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு மெத்தைக்கும் அதே பாட்டின் அதே இரண்டு வரி. முருகனைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் ஊசியைத் தூக்கிவிடுவார். மூன்றாவது வரி என்னவென்று தோட்டத்தில் யாருக்கும் தெரியாது.

“தம்பி, இது என்ன மாதிரி?”

“நல்லா இருக்குங்க ஐயா.”

“விசர்க்கதை கதையாதையும். இது புகை மணக்குது. கைத்தாளம் கேட்டதோ?”

“கேட்டுச்சுங்களே.”

“எனக்குக் கேக்காதது உமக்கு எப்பிடிக் கேக்கும்? உம்மடை காது தகரக் காது.”

எங்களுக்கு எல்லா மெத்தையிலும் கேட்டது. மெத்தை இல்லாமலும் கேட்டது. சொன்னால் தகரக் காது, சொல்லாவிட்டால் செவிட்டுக் காது. இப்படித்தான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் நாசமாய்ப் போயின.

தட்டு ஆடுவதால்தான் தாளம் தொலைகிறது என்று ஒரு வாரம் முடிவு கட்டினார். தராசுப் படிக்கல் ஒன்றைக் கொண்டுவந்து தட்டின் நடுவில் ஏற்றினார். பெட்டி முக்கியது. பாடகர் எருமை கத்துவதுபோல் இழுத்தார். “பாத்தீரோ, இப்பதான் குரலிலை ஒரு கனம் வந்திருக்கு” என்றார் ஐயா. முகம் சவரம் செய்யும் பிரஷ் தட்டைத் துடைக்கப் போனது. அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதுளைக் கடைவீதியில் துணிக்கடை நானா, கம்பளித் துணியை நிறத்துக்கு ஒரு துண்டாகக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “ஐயா, பச்சையில பாடினா மஞ்சளை விட நல்லா இருக்குமா?” என்று கேட்டார். ஐயா அதற்கும் யோசித்துப் பதில் சொன்னார்.

உச்சம், மெத்தைக்காகத் தொழிற்சாலை மாடியில் கொழுந்து வாட்ட விரிக்கும் சாக்குத் துணியில் கை வைத்ததுதான். துணியில் வட்டமாக ஓட்டை இருப்பதைத் தோட்டத்துத் துரை பார்த்துவிட்டார்.

“எலி, சேர்” என்றார் ஐயா.

“எலி இவ்வளவு வட்டமாக வெட்டுமா?”

“இந்தத் தோட்டத்து எலி வெட்டும், சேர்.”

குறை எங்கே இருந்தது என்று அவரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். கொழுந்து அரைக்கும் உருளை இயந்திரங்களின் இரைச்சலுக்குள் நின்றே தலை நரைத்தவர். அங்கே நாங்கள் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினால்தான் திரும்பிப் பார்ப்பார். அதை முகத்துக்கு நேரே சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

ஒரு நாள் அவரே தோற்றுப்போனார். “வாற ஞாயிறு கடைசிமுறை போட்டுப் பாப்பன். தாளம் வராட்டி பெட்டியை ஆருக்கும் குடுத்துப்போடுவன்” என்றார். பெட்டி ஒழிந்தால் நமக்கு விடுதலை என்று நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

அந்த ஞாயிறு ஐயாவின் மனைவி, எங்களுக்கெல்லாம் அம்மா, என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். “தம்பி, அந்தப் பெட்டியும் போச்செண்டா அவர் சுவரைப் பாத்துக்கொண்டுதான் இருப்பார். நீர் ஒண்டும் காட்டிக்குடுத்துப்போடாதையும்” என்றார். அம்மாவின் கையில், சாமிப் படத்தடியிலிருந்து எடுத்த பித்தளைக் கைத்தாளம் இருந்தது. பழைய பட்டுச் சேலைத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி என்னிடம் கொடுத்தார்.

ஐயா அதை மெத்தையாகப் போட்டு ஊசியை வைத்தார். பாட்டு தொடங்கியது. கதவுத் திரைக்குப் பின்னால் அம்மா ஓங்கித் தட்டினார். தாளம் பாட்டுக்கு முன்னால் ஓடியது, பிறகு பின்னால் நொண்டியது. ஊசியைத் தூக்கப் போன ஐயாவின் கை அப்படியே நின்றது. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். மூன்றாவது வரியும் வந்தது. அது முதல் வரியேதான், திரும்பவும் பாடினார்கள். இதற்காகவா இத்தனை காலம் காத்திருந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது. நான் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். ஐயா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தட்டைப் புரட்டிக் கையில் வைத்துக்கொண்டு திரைப்பக்கம் திரும்பினார்.

“இஞ்சேரும், கை நோகேல்லையெண்டா மற்றப் பக்கத்தையும் போடுறன்.”

திரைக்குப் பின்னால் கைத்தாளம் ஒருமுறை சிணுங்கியது. பிறகு, “போடுங்கோ” என்று அம்மாவின் குரல் கேட்டது.

நான் பேசாமல் எழுந்து போயிருக்கலாம். போக மனம் வரவில்லை, அந்த மனிதரை எனக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று.