கூடுதலாகக் கிடைத்த ஒரு மணி நேரம்

என் தாய்மாமாவின் பைக் அன்றைக்குப் பஞ்சர் ஆகவே இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் பந்தியில் சாம்பார் வருவதற்கு முன்னால் அந்த டயர் பேச்சு வந்துவிடும். "மாமா வண்டிய நம்பிப் போனா, பரீட்சைக்குப் போன மாதிரிதான்" என்று யாராவது ஆரம்பித்து வைப்பார்கள். மாமா, "அது புது டயருய்யா!" என்று சாமி மேல் சத்தியம் செய்வார். ஒருவரும் நம்ப மாட்டார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருப்பேன்.

நடந்தது இரண்டாயிரத்து ஐந்திலோ ஆறிலோ. நான் அப்போது பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வேப்பந்தட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் டவுனுக்கு வந்து, பாதி நேரம் கல்லூரியிலும் பாதி நேரம் ஒரு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரிலும் கழிப்பேன். (பாதி என்று சொன்னது கல்லூரி மேல் உள்ள மரியாதைக்காக.)

அந்த மாடியில், பிளைவுட் தடுப்புக்குள், எனக்கு ஒரு பேரரசு இருந்தது. இன்டர்நெட்டில் உலகம் முழுக்க ஆட்கள் சேர்ந்து ஆடும் விண்வெளி விளையாட்டு. ஆளுக்கொரு கிரகம் கொடுப்பார்கள். சுரங்கம் தோண்டி, கப்பல் கட்டி, யாரும் போகாத நட்சத்திரங்களுக்கு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். கப்பல் போய் வர நிஜமாகவே நாட்கணக்கில் ஆகும். அது திரும்பி இறங்கும் நேரத்தில் நாம் கம்ப்யூட்டர் முன்னால் இருந்து உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கிரகத்துக்காரன் வந்து கப்பலோடு அள்ளிக்கொண்டு போய்விடுவான். ஊரில் எனக்கென்று ஒரு சைக்கிள்கூடக் கிடையாது. அங்கே பதினேழு கப்பல்கள்.

இப்படி ஒரு விளையாட்டில் யாராவது இறங்குவதாக இருந்தால், பட்டவன் என்கிற முறையில் சிலது சொல்லலாம். எல்லாக் கப்பலையும் ஒரே திசைக்கு அனுப்பாதீர்கள். கூட்டணி வைத்திருக்கும் ஆள் இன்று நண்பா நண்பா என்பான், நாளைக்கே நம் சுரங்கத்தை வழித்து எடுத்துக்கொண்டு போவான், அதற்காகச் சாப்பிடாமல் இருக்காதீர்கள். (நான் ஒரு வேளை இருந்தேன். வயிற்று வலி என்று நினைத்து அம்மா கஷாயம் கொடுத்தார்.) கரண்ட் போகிற ஊர் என்றால் எதையும் யோசித்து யோசித்துச் செய்யாதீர்கள். நான் வழியைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அனுப்பு என்கிற பொத்தான் மேல் விரலை வைக்கும்போதுதான் பெரம்பலூருக்குக் கரண்ட் போகும். திரும்பி வருவதற்குள் என் கிரகத்தில் சுரண்ட ஒன்றும் மிச்சமிருக்காது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நேரம். விளையாட்டின் சர்வர் ஐரோப்பாவில் எங்கேயோ இருந்தது. எல்லாம் அந்த ஊர் மணிப்படிதான் நடக்கும். அவர்கள் மணியோடு மூன்றரை மணி நேரம் கூட்டினால் நம்ம மணி. ஒவ்வொரு முறையும் கணக்குப் போடச் சோம்பல்பட்டு, நான் ஒரு காரியம் செய்தேன். கையில் கட்டியிருந்த வாட்சையே அவர்கள் நேரத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் யாராவது மணி கேட்டால் ஆகாயத்தைப் பார்த்து மூன்றரையைக் கூட்டிச் சொல்வேன். கேட்டவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேறு ஆளிடம் கேட்பார்.

இனி அக்கா. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அரசாங்க எழுத்தர் வேலைக்கு இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டிருந்தாள். சின்ன வெங்காயம் அரியும்போதுகூட அடுப்படிச் சுவரில் பொது அறிவுக் கேள்விகள் ஒட்டியிருக்கும். அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தடவ எழுதிக்க. கெடைக்கலன்னா தை மாசம் கல்யாணம். அப்பறம் பேச்சே கெடையாது." அக்கா சரி என்றாள். அவளுக்கு அந்த ஒரு தடவை போதும் என்று நம்பிக்கை.

அக்டோபர் கடைசி ஞாயிறு, காலை பத்து மணிக்கு அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு. பத்தரைக்கு மேல் யாரையும் உள்ளே விட மாட்டார்கள் என்று ஹால் டிக்கெட்டிலேயே அச்சடித்திருந்தது. பஸ்ஸை நம்ப வேண்டாம் என்று மாமா தன் பைக்கைக் கொடுத்தார். ஓட்டும் பொறுப்பு எனக்கு. அம்மா எழுப்பி, முகம் கழுவ வைத்து, வண்டியில் ஏற்றி அனுப்பினார். மணி என்ன என்று நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் அக்கா இறங்கினாள். ஹால் டிக்கெட்டுக்கு ஒரு ஜெராக்ஸ் வேண்டுமாம். "நீ போயி எடுத்துட்டு வா. நா இங்க ஒக்காந்து ஒரு தடவ பொரட்டிக்கறேன். எட்டரைக்குக் கெளம்பிடணும் தம்பி."

"எட்டரைக்கு டாண்ணு வந்து நிப்பேன்க்கா" என்று ஹால் டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஜெராக்ஸ் மிஷின் அந்த பிரவுசிங் சென்டரிலும் உண்டு. அதைவிட முக்கியம், ஒன்பது நாள் முன்னால் நான் அனுப்பியிருந்த ஆய்வுக் கப்பல் அன்று காலை அவர்கள் மணி நாலு நாற்பதுக்கு இறங்குகிறது. அதாவது நம்ம மணி எட்டுப் பத்து. எட்டரைக்கு என் வாட்சில் மணி ஐந்தாக இருக்கும். கப்பலையும் பிடிக்கலாம், அக்காவையும் பிடிக்கலாம். என் புத்திசாலித்தனத்தை நினைத்து மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினேன்.

சென்டர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போகும்போது வாடிக்கையாளர்களிடமே கடையை விட்டுவிட்டுப் போவார். அன்றும் போயிருந்தார். ஜெராக்ஸை எடுத்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கிருந்த கம்ப்யூட்டர்களின் கடிகாரமோ கரண்ட் போய்ப் போய் எப்போதும் ஏதோ ஒரு ஜனவரி முதல் தேதியிலேயே நிற்கும். விளையாட்டுக்குள் போனதும் ஒரு அறிவிப்பு இருந்தது. குளிர்காலம் வருவதால் இன்று முதல் சர்வர் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் நகர்த்தப்பட்டிருக்கிறது. அந்த ஊர்களில் வருடா வருடம் அப்படிச் செய்வார்களாம். என் வாட்ச் நாலு ஐந்து காட்டியது. திரையில் மூன்று ஐந்து.

சட்டத்துக்குக் கட்டுப்பட்ட பிரஜையாக நான் உடனே என் வாட்சை ஒரு மணி நேரம் பின்னால் திருப்பினேன். அன்றிலிருந்து மூன்றரைக்குப் பதில் நாலரை கூட்ட வேண்டும். கூட்டினேனா? இல்லை. மூன்றரை என் ரத்தத்தில் ஊறியிருந்தது. முப்பத்தைந்து நிமிடத்தில் வர வேண்டிய கப்பலுக்குத் திடீரென்று இன்னொரு ஒரு மணி நேரம் இருக்கிறதே, இது எங்கிருந்து வந்தது என்றாவது யோசித்தேனா? அதுவும் இல்லை. சந்தோஷப்பட்டேன். கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது, ஆடலாம் என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

கப்பல் சொன்ன நொடியில் இறங்கியது. நானும் சொன்ன நொடியில் அதை வாங்கினேன். ஒன்பது நாள் பயணத்தின் அறிக்கை ஒரே வரியில் இருந்தது: அந்தக் கிரகத்தில் எதுவும் இல்லை.

வாட்சில் ஐந்து மணிக்கு எழுந்து, பஸ் ஸ்டாண்டு வந்து, ஹாரன் அடித்தேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்த்து, புடவைத் தலைப்பை இடுப்பில் சொருகியிருந்தாள்.

"எங்கடா போன? ஜெராக்ஸ் கடை எல்லாம் பூட்டிக் கெடக்கு. ஒவ்வொரு தெருவா ஓடுறேன்."

"ஏங்க்கா பதறுற? எட்டரதான ஆவுது."

அக்கா தன் கையை என் கண்ணுக்கு நேரே நீட்டினாள். அவள் வாட்சில் ஒன்பது முப்பத்தைந்து. நான் என் வாட்சைப் பார்த்தேன். அவளுடையதைப் பார்த்தேன். அப்போதுதான் அந்த நாலரை என் மண்டையில் இறங்கியது.

அரியலூர் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. சுண்ணாம்புக்கல் லாரிகள் போய்ப் போய் ரோடு அம்மியைக் கொத்தினது போலக் கிடக்கும். மாமாவின் பைக்கை நான் அப்படி ஓட்டியதை மாமா பார்த்திருந்தால் அன்றே உறவை முறித்திருப்பார். பின்னால் அக்கா நிமிடத்துக்கு ஒரு தடவை வாட்சைப் பார்த்தாள். அவள் கை என் தோளில் இருந்தது. ஊருக்குள் நுழையும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று, உலகத்தில் உள்ள பெட்டிகளையெல்லாம் கோத்துக்கொண்டு, நிதானமாகப் போனது.

பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது பத்து நாற்பது. அக்கா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், பத்து நிமிசந்தான் சார்" என்றாள்.

உள்ளே நின்றவர் கெட்டவர் இல்லை. "நா என்னம்மா பண்றது? வுட்டா என் வேல போயிடும். இன்னும் கொஞ்சம் வெரசா வந்துருக்கக் கூடாதா?" என்றார். நானும் கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

எதிரில் ஒரு பூட்டிய கடையின் படியில் உட்கார்ந்தோம். உள்ளே எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். அக்கா என் பக்கம் திரும்பி, "என்ன நடந்துச்சுன்னு சொல்லு" என்றாள். சொன்னேன். கப்பல், ஐரோப்பா, குளிர்காலம், ஒரு மணி நேரம் பின்னால் போன கடிகாரம், மூன்றரை, நாலரை, எல்லாவற்றையும் சொன்னேன். பாடம் கேட்பது போல உன்னிப்பாகக் கேட்டாள். நடுவில் ஒரு சந்தேகம்கூடக் கேட்டாள். கடைசியில் கேட்டாள்:

"அவங்களுக்குக் கூடுதலா கெடைச்ச ஒரு மணி நேரம் என்னோடதாடா?"

எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

வேப்பந்தட்டைக்குத் திரும்பியபோது அப்பாவும் மாமாவும் வாசலில் நின்றார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: "போற வழில பேரளி கிட்ட பஞ்சர்ப்பா. கடை எதுவும் தெறக்கல." அப்பா நேராகத் திரும்பி மாமாவைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், ஓட்ட வண்டியக் குடுத்து எம்புள்ள பொழப்பக் கெடுத்துட்டீங்களே!" மாமா அப்படியே ஒடிந்துபோனார். மறுநாளே, ஆறு மாதம்கூட ஓடாத இரண்டு டயரையும் கழற்றிப் போட்டுவிட்டு வேறு மாட்டினார்.

கொல்லைப்பக்கம் அக்காவிடம், "ஏங்க்கா பொய் சொன்ன?" என்றேன்.

"ஒன்ன அடிச்சாங்கன்னா எனக்கு அந்த கேட்டைத் தொறந்து வுடுவாங்களா? போ, போயி கைகால் கழுவு."

தை மாதம் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை அரியலூர். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அக்கா குடியிருப்பது அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி. அவளைப் பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் அந்த கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். அதன் பிறகு அவள் எந்தத் தேர்வும் எழுதவில்லை. கேட்டால், "புள்ளைங்கள வச்சிக்கிட்டு எங்கேர்ந்து" என்பாள். என் பேரரசு அந்த வாரமே போய்விட்டது. பதினேழு கப்பலையும் யார் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் போய்ப் பார்க்கவே இல்லை.

பந்தியில் டயர் பேச்சு வரும்போது அக்காவும் எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். மாமாவுக்கு மட்டும் ஒரு அப்பளம் கூடுதலாக வைக்கச் சொல்வாள்.

வருடா வருடம் அக்டோபர் கடைசி ஞாயிறு காலையில் எனக்கு ஒரு போன் வரும். நலம் விசாரிப்பு எதுவும் கிடையாது.

"தம்பி, மணி என்ன ஆவுது?"

"எட்டரைதான்க்கா."

"சரி. என்னோடதுலயும் அதான் ஆவுது" என்று சொல்லி போனை வைத்துவிடுவாள்.