குற்றாலத்துக்கு ஒரு ஆள் குறையுது

சங்கரன்கோவிலை விட்டு ஓர் அங்குலம்கூட நகராமல் ஊர் ஊராகக் காரில் சுற்றிய ஒரே மனிதர் எங்கள் தெரு பிளஷர் அண்ணாச்சிதான். காரைப் பிளஷர் என்று சொல்லும் பழக்கம் எழுபதுகளின் கடைசியில் மற்ற எல்லோரிடமும் ஒழிந்துவிட்டது. அவர் மட்டும் விடவில்லை. அதனால் அதுவே பேராகிவிட்டது. சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார்.

வெள்ளைக்காரன் காலத்துக் கார் ஒன்றை ஒன்பது வருஷமாகக் கொட்டகையில் பிரித்துப் போட்டிருந்தார். இன்ஜின் மூலையில் சாக்கின் மேல் கிடந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். காரணம் அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் மதினி. கல்யாணமான புதிதில் இருவரும் அந்தக் காரில் குற்றாலம் கிளம்பினார்கள். கடையநல்லூர் பக்கம் ஒரு குழியில் வண்டி விழுந்து, பின்சீட்டிலிருந்த மதினியின் தலை கூரையில் இடித்தது. அங்கேயே இறங்கி, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தவர், "இனி அந்த வண்டில என் கால் படாது" என்றார். படவே இல்லை. குற்றாலமும் பார்க்கவில்லை. அண்ணாச்சிக்கு அன்று பிடித்த கவலை அது.

ஒருவழியாக மதுரையிலிருந்து பின்பக்கத்துக்கு, குலுக்கலைத் தாங்கும் புது ஷாக் அப்சர்பர் இரண்டு வந்தன. மூன்று நாள் அவற்றைத் துண்டில் சுற்றி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வெறும் வண்டில நட்ட முறுக்குனா ரப்பர் திருகிக்கிடும்வே. பின்சீட்டுல ஆள் உக்காந்து, வண்டி அமுங்கி நிக்கையில முறுக்கணும்."

"அதுக்கு ரெண்டு மண்மூட்டை போதாதா அண்ணாச்சி?" என்றேன்.

"மண்மூட்டைக்கு முதுகு வலிக்குமாவே?"

எங்கள் ஆபீஸில் என்னைவிடக் கனமான குமாஸ்தா கிடையாது. அந்தத் தகுதியில்தான் இந்தச் சிநேகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் தபால்காரரும் பின்சீட்டில் ஏறிக்கொள்வோம். அண்ணாச்சி வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டே வழி சொல்வார். பயணம் போகிற நினைப்பு இருந்தால்தான் மனுஷன் சரியான எடையோடு உட்காருவானாம்.

"புளியங்குடி வந்தாச்சு. எலுமிச்ச வாசம் வருதா?"

சத்தியமாக வந்தது.

"தென்காசி. சாரல் அடிக்கு."

தபால்காரர் கண்ணைத் திறக்காமலே, "கண்ணாடிய ஏத்தி விடுங்க அண்ணாச்சி, நனையுதேன்" என்றார்.

திருப்தி வராமல் அவிழ்ப்பதும் முறுக்குவதுமாக நான்கு ஞாயிறு போனது. ஐந்தாம் ஞாயிறு தபால்காரருக்குக் காய்ச்சல். சாரலில் நனைந்ததுதான் காரணம் என்று இன்றுவரை நம்புகிறேன்.

மதினி காபியோடு வந்தார்.

"ஏட்டி, குற்றாலத்துக்கு ஒரு ஆள் குறையுது." வண்டிக்கு அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

மதினி காரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நகராதுல்லா?"

"இன்ஜின் அங்கன கெடக்கு. எப்படி நகரும்?"

ஏறி உட்கார்ந்தார். ஒரு கையால் கூரையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நான் மறுபக்கக் கதவோரம் ஒட்டிக்கொண்டேன்.

அன்று அண்ணாச்சி மெதுவாகப் போனார். புளியங்குடிக்கே கால் மணி நேரம் ஆனது. கடையநல்லூர் வந்ததும் ஸ்பேனர் சத்தம் நின்றது.

"குழி வருது. பைய எறக்குதேன்" என்றார்.

மதினியின் கை கூரையிலிருந்து மெல்லக் கீழே வந்தது. தென்காசிக்குள் தூங்கிவிட்டார். அண்ணாச்சி கடைசி நட்டை முறுக்கிவிட்டு வெளியே வந்து, ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். காபி ஆறிப்போனது.

கண் விழித்த மதினி, "பரவால்ல, குலுக்கமே இல்ல" என்றார்.

அடுத்த சீசனுக்குள் இன்ஜின் ஏறிவிட்டது. முதல் ஆளாகப் பின்சீட்டில் போய் உட்கார்ந்தவர் மதினிதான்.

"போன தடவ ஓட்டுன மாதிரியே ஓட்டணும், ஆமா."

அப்படியேதான் ஓட்டினார். சைக்கிள்கள் எங்களைத் தாண்டிப் போயின. குற்றாலம் போய்ச் சேர்ந்தபோது, குளித்தவர்கள் தலை துவட்டி வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மதினி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிச் சாரலைப் பிடித்துப் பார்த்தார். முன்சீட்டிலிருந்த எனக்கு, இந்த இருவரோடு இன்னும் கொஞ்சம் மெதுவாகவே வந்திருக்கலாம் என்று இருந்தது.