இரும்புக்குப் பெரட்டு எடுத்த மண்டோர்

இரும்புக்கு வருகைப்பதிவு எடுத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் குவாலா சிலாங்கூரில் இருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த பொறாமையைச் சாலையோரமாக அடுக்கியிருந்தால் ஜெராம் வரைக்கும் போயிருக்கும்.

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் பெரட்டு மண்டோர். மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. தோட்டத்தில் காலையில் தொழிலாளர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மற்ற மண்டோர்கள் பெரட்டு முடிந்ததும் அதை மறந்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவரால் மறக்க முடியாது. வீட்டில் கரண்டிகளுக்கும் பெரட்டு எடுப்பார் என்று பேசிக்கொள்வார்கள். நான் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

எண்பதுகளில் நான் அங்கே தமிழ்ப்பள்ளி வாத்தியார். கல்யாணம் ஆகவில்லை. காசிம் பாயின் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. விறகு போட்டுவைக்கக் கட்டியது. கேஸ் அடுப்பு வந்ததும் காலியாகிவிட்டது. அதை ஞாயிற்றுக்கிழமைப் பட்டறையாக மாற்றியது நான். இதை இரண்டு முறை சொன்னாலும் தப்பில்லை. மாற்றியது நான்.

பரோட்டாவைவிட எஞ்சின்மேல் பிரியமுள்ள காசிம் பாய், செம்பனை எண்ணெய் ஆலையில் பிட்டராக இருந்த நெட்டைச் செல்வம், ஜெராமில் மீன்பிடிப் படகு வைத்திருந்த ஆ லெக், நான். இதுதான் எங்கள் கூட்டம். ஒருத்தரும் கார் மெக்கானிக் இல்லை. கை கறுத்தால் சந்தோஷம், அவ்வளவுதான்.

என் கார் என்னைவிட இரண்டு வயது மூத்தது. இரண்டாவது கியரைப் போட்டால் பத்தடி ஓடியதும் கியர் தானாக வெளியே குதித்துவிடும். நான் தபாலில் தருவித்த தடிமனான ஆங்கிலப் புத்தகத்தைச் சத்தமாக வாசித்து விளக்குவேன். மூவரும் வாயைப் பிளந்து கேட்பார்கள். வாழ்க்கையில் நான் சொல்வதை அப்படி யாரும் கேட்டதில்லை. என் மாணவர்கள் கேட்டதே இல்லை.

அந்தச் சுகம் தொண்ணூற்றாறாம் பக்கத்தோடு முடிந்தது. அன்றைக்குக் கடையில் தே தாரிக் என்கிற நுரை டீ குடிக்க வந்த மண்டோர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார்.

"யாரு காரு இது?"

"என்னுது."

அவர் கேட்காமல் கொள்ளாமல் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, கியர்க் கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு செல்வத்தை ஓட்டச் சொன்னார். கடை வாசல்வரை போய்த் திரும்பினார்கள்.

"ரெண்டாவது ஆளு வேலைக்கு வரான் சார். ஆனா நிக்க மாட்டேங்கறான். கியர்பாக்ஸ எறக்கிப் பாத்துடலாம்."

என் புத்தகமும் அதையேதான் சொன்னது. ஆனால் நூற்றைம்பதாம் பக்கத்தில் சொன்னது. நான் அங்கே போய்ச் சேர இன்னும் மூன்று ஞாயிறுகள் ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் அந்த மனிதருக்குக் கார் ஓட்டத் தெரியாது! அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். தோட்டத்தில் தூக்கிப்போட்ட டிராக்டர் கியர்பாக்ஸ் ஒன்றை லயத்து வீட்டுக்குள் இழுத்துவந்து ஏழு முறை பிரித்து ஏழு முறை பூட்டினாராம். எட்டாவது முறை பிரித்தபோது அவர் மனைவி ஒரு பற்சக்கரத்தை எடுத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டதால் பூட்டுவது நடக்கவில்லை. இந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து காசிம் பாய் முதல் கிளாஸ் தே தாரிக்கை அவருக்கு நீட்ட ஆரம்பித்தார். என் கிளாஸ் கடைசியாக வந்தது. வரும்போது நுரையும் குறைந்திருந்தது.

கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்தபோதுதான் அவருடைய முழு ரூபமும் தெரிந்தது. வெளியே வந்த ஒவ்வொரு சாமானையும் துடைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்து, அதற்கு ஒரு ஆளின் பெயரை வைத்தார். கக்கத்தில் இருந்த பழைய செக்ரோலில், அதாவது தோட்டத்து வருகைப் பதிவேட்டில், அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

"என்ன மண்டோர் இது? புத்தகத்துல எல்லாத்துக்கும் நம்பர் இருக்கே" என்றேன்.

"நம்பர் மறந்துடும் சார். முனியம்மா வேலைக்கு வரலன்னா மறக்குமா?"

மற்ற மூவரும் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாச் சக்கரங்களின் பாரத்தையும் அடியில் தாங்கும் கனத்த சாமானுக்குக் காசிம் பாய் என்று பெயர். நீளமான தண்டு செல்வம். எண்ணெய் கசியாமல் காக்கும் ரப்பர் வளையம் ஆ லெக். "வாயத் தொறக்க மாட்டான். ஒரு சொட்டு வெளிய போவாது" என்று காரணம் சொன்னார். ரிவர்ஸ் கியருக்குத் தன் மச்சான் பெயரை வைத்தார். "எது சொன்னாலும் அவன் எதிர்ப்பக்கந்தான் போவான்." சக்கரங்களைச் சண்டையில்லாமல் சேர்த்துவைக்கும் பித்தளை வளையங்களுக்கு, தோட்டத்தில் கல்யாணம் பேசி முடிக்கும் மூன்று அக்காமார்களின் பெயர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் வேலை தொடங்குமுன் சாமான்களைச் செய்தித்தாளில் வரிசையாகப் படுக்கவைத்து, எண்பது பேர் நிற்கும் களத்துக்குக் கேட்கிற குரலில் பெரட்டு எடுப்பார். பக்கத்தில் இருப்பவர் சாமானைப் பார்த்து "இருக்கு!" என்று சொல்ல வேண்டும். தன் பெயர் வரும்போது காசிம் பாய் முகம் மாப்பிள்ளை முகமாகிவிடும்.

என் பெயர் வரவே இல்லை. என் கார், நான் மாற்றிய கொட்டகை, என் ஸ்பானர்கள். ஆனால் எனக்கு ஒரு திருகாணிகூட இல்லை. வெட்கத்தை விட்டு ஜாடையாகவும் கேட்டுப் பார்த்தேன்.

"இந்த டாப் கியர் ரொம்ப முக்கியமானது, இல்ல மண்டோர்?"

"ஆமா சார். அதான் அதுக்குப் பெரிய தொரன்னு பேரு வச்சிருக்கேன்."

அடியில் எண்ணெய் வடிக்கும் மூடிக்குக் கடைப் பூனையின் பெயரை வைத்தபோது என் பொறுமை போய்விட்டது. மீன் தலைக்கு அலையும் பூனைக்கு என் கியர்பாக்ஸில் இடம் உண்டு. எனக்கு இல்லை. இரவில் தூக்கம் வராமல் புரண்டேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். புரண்டேன்.

அடுத்த ஞாயிறு நான் கொட்டகைக்குப் போக முடியவில்லை. ரவாங்கில் ஒரு பெண் பார்த்திருந்தார்கள். தரகர் வீட்டுக்கு வந்திருந்தார்.

"ரெண்டு வாரத்துல பொண்ணு பாக்கப் போறோம் சார். மாப்பிள்ளைக்குச் சொந்தமா காரு இருக்குன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். பஸ்ல வந்து எறங்கிடாதீங்க லா. என் பேரு கெட்டுடும்."

அதற்கடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக்குப் போனேன். மண்டோர் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு கிண்ணம். அதில் பட்டாணி அளவுக்கு ஒரு எஃகுக் குண்டு. பொறாமை என் கையைப் பிடித்து அதை எடுக்கவைத்தது. துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். பெரட்டில் ஆள் குறையும், மண்டோர் எல்லோர் முன்னாலும் திருதிருவென்று விழிப்பார், நான் குனிந்து மேசைக்கடியிலிருந்து குண்டை எடுத்துக் கொடுப்பேன், முதல் கிளாஸ் தே தாரிக் எனக்கு வரும். இதுதான் திட்டம். என் காரிலிருந்து நானே திருடுகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

பெரட்டு தொடங்கியது. காசிம் பாய் இருந்தார். செல்வம் இருந்தான். ஆ லெக், மச்சான், பெரிய தொரை, பூனை எல்லாரும் இருந்தார்கள். மண்டோர் ஏட்டைப் புரட்டி, குரலை உயர்த்தினார்.

"வாத்தியார்!"

"இருக்கேன்" என்றேன்.

செல்வம் சிரித்துவிட்டான். "ஒங்கள இல்ல சார். குண்டு. கிண்ணத்துல வாத்தியாரக் காணோம்."

காசிம் பாய்தான் விளக்கினார். "போன வாரம் நீங்க வரல தம்பி. இந்தக் குண்டக் கையில வச்சிக்கிட்டு மண்டோர் அரை மணி நேரம் யோசிச்சாரு. இதுதான் வாத்தியாருன்னுட்டாரு."

"பின்ன என்னங்க?" என்றார் மண்டோர். "எந்தக் கியரப் போட்டாலும் அது எடத்துல புடிச்சு உக்கார வைக்கறது இந்தக் குண்டுதான். நாங்க நாலு பேரும் ஞாயித்துக்கெழம ஆனா இங்க வந்து உக்காருறமே, யாரால? அதுக்குத்தான் எல்லாரையும் பாத்துட்டுக் கடைசியா சார் பேர வச்சேன்."

நியாயமாக அந்த நிமிடமே குண்டை எடுத்து நீட்டியிருக்க வேண்டும். ஆனால் அதற்குள் மண்டோர் முட்டிபோட்டுத் தரையைத் தடவ ஆரம்பித்துவிட்டார். கடையிலிருந்து மாவுச் சல்லடையை வாங்கிவந்து கொட்டகை மண்ணைப் பிடிபிடியாக அள்ளிச் சலித்தார். "என் பெரட்டுல இதுவரைக்கும் ஒரு ஆளு தொலைஞ்சதில்ல சார்" என்று என்னைப் பார்த்தே சொன்னார். நானும் முட்டிபோட்டுத் தேடினேன். குனியும்போதெல்லாம் சட்டைப்பையிலிருந்து அது விழுந்துவிடுமோ என்று கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டேன். எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துக் காசிம் பாய் சுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

கடைசியில் ஆ லெக் வாயைத் திறந்தான். வாத்தியாரை மலாயில் கூப்பிடுவதுபோல் அவன் என்னைச் செகு என்பான். "செகு, சைக்கிள் குண்டு போடு லா. சாமா சாமா. அளவு ஒண்ணுதான்."

மண்டோர் மண்ணிலிருந்து நிமிர்ந்தார். "வாத்தியார் எடத்துல வேற ஆளா? அந்தப் பேருக்கு ஒருத்தன் இருக்கறப்ப இன்னொருத்தன நிக்க வைக்கறது என் பெரட்டுல நடக்காது."

அந்த வாரம் முழுக்கக் குண்டு என் சட்டைப்பையிலேயே இருந்தது, சுண்ணாம்புக்கட்டித் துண்டுகளோடு. வகுப்பில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் அது நெஞ்சில் இடித்தது. ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்கப் போக வேண்டும். கார் மரக்கட்டைகளின்மேல் வயிறு காலியாக நிற்கிறது. காரணமான திருடன் கரும்பலகையில் பெருக்கல் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறான். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

சனிக்கிழமை காலை எல்லோரும் கூடினோம். மேசைக்கடியில் குனிந்து, "இதோ இருக்கு!" என்று கத்தினேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

மண்டோர் குண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடக்க வேண்டிய குண்டு வெள்ளை வெளேரென்று இருந்தது. விரலால் தேய்த்தார். சுண்ணாம்புப் பொடி விரலில் ஒட்டியது. என் சட்டைப்பையைப் பார்த்தார். அதன் ஓரத்திலும் அதே வெள்ளை.

"மண்டோர், அது வந்து… நான்தான்…"

"பெரட்டு நடக்குது சார். பேசக் கூடாது."

குண்டைத் தன் சட்டை நுனியால் துடைத்துக் கிண்ணத்தில் வைத்தார். ஏட்டை விரித்தார். "வாத்தியார் பள்ளிக்கூடம் போய்ட்டு வந்திருக்காரு. வேலைக்குப் போனவருக்கு லீவு போட முடியாது" என்று சொல்லிக்கொண்டே, போன ஞாயிறுக்கும் சேர்த்து முழு வருகை போட்டார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "நீங்களே உள்ள வைங்க."

வைத்தேன். மேலே, தளர்ந்துபோன பழையதுக்குப் பதிலாகப் புது ஸ்பிரிங்கை வைத்து மூடியைப் பூட்டினேன். எல்லோரும் சேர்ந்து கியர்பாக்ஸைக் காரில் ஏற்றி, சாயங்காலம் தஞ்சோங் காராங் சாலையில் ஓட்டிப் பார்த்தோம். இரண்டாவது கியர் 'டக்'கென்று உட்கார்ந்தது. வாய்க்கால் முடியும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் ரவாங்குக்குக் கூட்டமே வந்தது. பெண் வீட்டில் எல்லாம் ஒழுங்காக நடந்தது, கிளம்புகிறவரை. கிளம்பும்போது மண்டோர் காருக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். பெரட்டு எடுக்காமல் வண்டியை எடுக்கக் கூடாதாம். நான் கெஞ்சினேன். தரகர் தலையில் கை வைத்துக்கொண்டார். பெண் வீட்டார் வாசலில் நின்று பார்க்க, காருக்குள்ளிருந்து ஒவ்வொருவராகத் தங்கள் சாமானுக்குப் பதில் சொன்னார்கள். பூனைக்குச் செல்வம் சொன்னான்.

"வாத்தியார்!"

"இருக்கேன்!" என்று கத்தினேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு கேட்டது. அந்தச் சிரிப்பைத்தான் நான் கட்டிக்கொண்டேன். அவளும் இன்றுவரை என்னைப் பற்றிப் பேசுவதைவிட மண்டோரைப் பற்றிப் பேசுவதுதான் அதிகம்.

எங்கள் கல்யாணத்துக்கு அடுத்த வருடம் மண்டோர் கெடா பக்கம் ஒரு தோட்டத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். ஒரு விடுமுறையில் செல்வம் அவரைப் பார்த்துவிட்டு வந்தான். அங்கேயும் ஒரு கொட்டகை பிடித்துவிட்டாராம். அங்கேயும் ஒரு பழைய கார், ஐந்தாறு பேர், கீழே விரித்த செய்தித்தாள், அதே குரலில் பெரட்டு.

"குண்டுக்கு யாரு பேர வச்சிருக்காரு?" என்று கேட்டேன்.

"அதக் கேக்கலயே சார்."

அந்த ஆள் யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் சரி, எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.